சர்வரில் மட்டும் மணி ஒன்பது

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சர்வரில் மதர்போர்டை மாற்றி முடித்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவருடைய கைக்கடிகாரத்தையும் திரையில் தெரியும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வோம். அவர் வாயால் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. நான் ஓய்வு பெற்ற பிறகும் இது நடக்கிறது. இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. “நெட்ல கனெக்ட் பண்ணா டைம் தானா செட் ஆயிடும் மேடம். இதுக்கு எதுக்கு ஆளக் கூப்பிட்டு நிக்க வெக்கணும்?” என்று போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ரசம் வந்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். கேட்டவர்களுக்காக இங்கே முழுதாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வர் என்பது ஓர் அலுவலகத்தின் பதிவுகள் எல்லாம் குடியிருக்கும் பெரிய கம்ப்யூட்டர். மதர்போர்டு அதன் அடிப்பலகை. பிராசசர், மெமரி, டிஸ்க் எல்லாம் அதில்தான் வந்து சேரும். அது போய்விட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் அப்பா கைலாசபுரத்தில் தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, இரண்டு வருஷம் ஒரு கடையில் ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றிவிட்டு, இந்தக் கம்பெனிக்கு வந்தேன். வேலைக்கு எடுத்தவர் ரங்கராஜன் சார், திருச்சி கிளையின் சர்வீஸ் மேனேஜர். பெண்ணை எதற்கு ஃபீல்டு வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று சென்னை அலுவலகம் கேட்டதற்கு, “கை சின்னதா இருக்கு, உள்ள நன்னா போகும்” என்று பதில் சொன்னாராம். அதைப் பாராட்டு என்று நான் எடுத்துக்கொள்ள ரொம்ப நாளாயிற்று.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, “அது என்ன புடவை?”

“நைலக்ஸ் சார்.”

“நாளைலேருந்து பருத்தி.”

அவ்வளவுதான் பயிற்சி. செயற்கை நூல் புடவை உரசி உரசி உடம்பில் மின்சாரம் சேரும், அந்த விரலால் போர்டைத் தொட்டால் நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாது, ஆனால் ஒரு சிப் போய்விடும் என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். வளையலையும் கழற்றினேன். என் அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

வாடிக்கையாளர்களும் வேறு விதமாகப் பயிற்சி கொடுத்தார்கள். டூல் கிட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, “என்ஜினியர் எப்பம்மா வருவாரு?” என்பார்கள். “வந்துட்டு இருக்காருங்க” என்று சொல்லிவிட்டு சர்வரைத் திறப்பேன். பாதி வேலை முடிகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

ரங்கராஜன் சாருக்கு வீடு ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, வெள்ளைச் சட்டை, பழைய ஸ்கூட்டர். காலையில் பெருமாள் சேவித்துவிட்டுத்தான் காவிரிப் பாலம் தாண்டுவார். ‘பிராப்ளம்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சர்வர் புகைந்துகொண்டிருந்தாலும் “கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கு” என்பார். அவர் ‘கவனிக்க வேண்டியிருக்கு’ என்றால் நாங்கள் டூல் கிட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம்.

அவர் போர்டு மாற்றுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். பிறகு மோதிரம். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனா. பேனா ஏன் என்றால், குனியும்போது விழும். உடம்பில் சேரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வெறுமனே பார்ப்பார். பக்கத்தில் வாடிக்கையாளர் தவித்துக்கொண்டிருப்பார், இவர் அசைய மாட்டார். பார்த்து முடித்த பிறகு ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப் ஒட்டி, அது எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதுவார். அதன் பிறகுதான் முதல் ஸ்க்ரூ.

புது போர்டை வைப்பதற்கு முன் கேபினெட்டில் இருக்கும் பித்தளைக் கால்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் கூடுதலாக நின்றால், அது அடியில் இடித்து ஷார்ட் ஆகும். பிராசசர் உட்காரும் சாக்கெட்டைத் திறந்தால் தலைமுடி மாதிரி கம்பிகள், நூற்றுக்கணக்கில். ஒன்று சாய்ந்தாலும் பாதி மெமரி தெரியாமல் போகும், காரணம் தேடி நாம் அலைவோம். அதைப் பார்க்க அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி. பிராசசர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு மிளகு அளவுதான். நான் முதல் தடவை தாராளமாகத் தடவினபோது, “இது தோசைக்கல் இல்லம்மா” என்றார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்ட மாட்டார். ஒரு பிராசசர், ஒரு மெமரி, பவர். திரையில் எழுத்து வந்தால் அணைத்துவிட்டு அடுத்த மெமரி. இப்படி ஒவ்வொன்றாக ஏற்றினால், எதை மாட்டினபோது நின்றது என்று தெரியும். கடைசியில் செட்டிங்ஸ். புது போர்டுக்குப் பழைய போர்டு தெரிந்திருந்த எதுவும் தெரியாது. டிஸ்க்குகள் எப்படிச் சேர்ந்திருந்தன, எதிலிருந்து கிளம்ப வேண்டும், இன்று என்ன தேதி, மணி என்ன, எல்லாவற்றையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். நாம் என்ன சொல்கிறோமோ அதை அது நம்பும்.

இத்தனை ஒழுங்கான மனிதரிடம் ஒரே ஒரு சங்கடம். பையில் பாக்கெட் பஞ்சாங்கம். ராகு காலத்தில் புது போர்டுக்குப் பவர் கொடுக்க மாட்டார். மாட்டுவது, கழற்றுவது, துடைப்பது எல்லாம் நடக்கும். சுவிட்சை மட்டும் போட மாட்டார். புது போர்டு போட்டால் அது புது மெஷின், புது மெஷினை அந்த நேரத்தில் ஆரம்பிக்கக் கூடாது. அவ்வளவுதான் வாதம். வாடிக்கையாளரிடம் “செட்டில் ஆகணும்” என்பார். என்ன செட்டில் ஆக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் பாதிப் பேருக்கு அது புரியும். பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடை பாய் மட்டும், “உங்க சார் அவரு நேரத்துக்கு இருக்கட்டும்மா. நாங்க பிஸ்மி சொல்லி ஆன் பண்ணிக்கிறோம்” என்று சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டுவிட்டார். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சர்வர் ரொம்ப வருஷம் ஓடியது.

எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் அவர் சும்மா இருக்காமல் மறுபடி எல்லாவற்றையும் பார்ப்பார், அதில் சில தவறுகள் மாட்டியும் இருக்கின்றன. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஆஸ்பத்திரி. திருச்சி நகருக்குள் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் ஒரே சர்வரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மதர்போர்டு போய்விட்டது. சென்னையிலிருந்து புது போர்டு வந்து இறங்க, திங்கட்கிழமை விடியற்காலையில் சாரே போய் மாட்டினார். நான் அன்றைக்கு வையம்பட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலையாகப் போயிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை, ஆஸ்பத்திரி மேனேஜர் ஃபோன் செய்தார். சார் சென்னையில் மீட்டிங்கில் இருந்தார், நான் போனேன். மேனேஜர் ஒரு தாளை நகர்த்தி, “சர்வர்ல டைம் தப்பா இருக்க சான்ஸே இல்லன்னு உங்க கம்பெனி சார்பா ஒரு கையெழுத்து வேணும் மேடம். நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு என்கொயரி” என்றார்.

ஜெயராணி என்று ஒரு நர்ஸ். திங்கட்கிழமை காலை வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். டியூட்டி டாக்டர் எட்டரை மணிக்கு ஓர் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தாளில். ஊசி போட்டதாக ஜெயராணி கம்ப்யூட்டரில் பதிந்த நேரம் ஒன்பதே முக்கால். நோயாளியை மத்தியானம் ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகன் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் என் அப்பாவை மூச்சுக்குத் தவிக்க விட்டிருக்கிறீர்கள் என்று வரவேற்பறையில் சத்தம் போட்டார். சத்தம் போட்டதில் தப்பே இல்லை.

ஜெயராணியை வேலையை விட்டு எடுத்து, காரணத்தையும் எழுதி நர்சிங் கவுன்சிலுக்கு அனுப்புவதாக முடிவு. என்கொயரி ஒரு சம்பிரதாயம். அப்படி ஒரு பேரோடு அவளை வேறு எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காது.

சர்வரைத் திறந்து பார்த்தேன். மணி சரி, நொடி பிசகவில்லை. போர்டில் கடிகாரத்துக்கு என்று ஒரு பொத்தான் பேட்டரி உண்டு, அதை அளந்தேன், புதிது, நன்றாக இருந்தது. பவரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நேரம் நகரவில்லை. எந்தப் பக்கம் தட்டினாலும் சர்வர் யோக்கியன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

போடுவதற்கு முன் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஜெயராணிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அழுது முடித்துவிட்ட முகம்.

“ஊசி எப்பம்மா போட்டீங்க?”

“டாக்டர் எழுதின கையோட போட்டேன் மேடம். அஞ்சு நிமிஷம்கூட ஆவல. போட்ட உடனே என்ட்ரியும் போட்டுட்டேன்.”

“திரையில மணி என்ன காட்டுச்சு?”

“கம்ப்யூட்டர்ல மணி பாக்கல மேடம். பேஷண்ட பாத்தேன்.”

அன்று காலைப் பதிவுகளை எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லா வார்டிலும் எல்லாமே தாமதம். காலை இட்லி பத்து மணிக்கு மேல். மேனேஜரைக் கேட்டால், சர்வர் படுத்த நாள், எல்லாம் தாமதமாகத்தான் இருந்திருக்கும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. முதல் பதிவு எத்தனை மணிக்கு என்று பார்த்தேன். ஒன்பது தாண்டி இரண்டு நிமிடம்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. சார் வழக்கம்போலக் காத்திருந்து, ஒன்பதுக்கு சுவிட்சைப் போட்டிருக்கிறார் என்று நினைத்துத் தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

அந்தத் திங்கட்கிழமை வையம்பட்டியில் சங்கத்தின் ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். செயலாளர் சாவியோடு ஒன்பதரைக்குத்தான் வருவார் என்று எதிர் டீக்கடையில் சொல்லி, நான் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்போது சார் ஃபோன் செய்தார். “வசந்தா, ஆஸ்பத்திரி போர்டு இப்பத்தான் ஏறித்து. ஓடறது. கவலைப்படாதே” என்றார். அதற்குப் பிறகு நான் இரண்டாவது டீயும் குடித்து, பேப்பரும் படித்து, செயலாளருக்காக இன்னும் ரொம்ப நேரம் காத்திருந்தேன். அப்படியானால் அவர் பேசினபோது மணி எட்டுதான் இருக்கும், ஒன்பது ஆகவே இல்லை.

ராகு காலத்தில் ரங்கராஜன் சாரின் புது போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜவுளிக்கடை பாயைத் தவிர்த்தால், இருபது வருஷத்தில் நடக்காதது. வானம் இடிந்து விழுந்திருக்க வேண்டும், இல்லை, கடிகாரம் நகர்ந்திருக்க வேண்டும். வானம் அங்கேயேதான் இருந்தது.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “சார் வந்து கையெழுத்துப் போடுவாருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எடமலைப்பட்டி புதூரில் என் வீடு போய்ச் சேரும் வரை பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் வேலை கற்றுக்கொண்ட மனிதர் அவர். அவர் மேல் கோபப்பட எனக்குப் பழக்கமும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சார் சென்னையிலிருந்து நேராக ஆபீஸ் வந்தார். நடந்ததைச் சொன்னேன். நர்ஸ், ஊசி, மகன், என்கொயரி. கடைசியாக, “நீங்க எட்டு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணி ஓடறதுன்னு சொன்னீங்க சார். மொத என்ட்ரி ஒம்போது தாண்டி இருக்கு” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“மேனேஜர் ரொம்ப அவசரப்படுத்தினார். ஐ.சி.யூ.ல ரிப்போர்ட் பாக்க முடியலன்னார். நியாயம்தான். நேக்கு அந்த நேரத்துல ஆரம்பிக்க மனசு வரல. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு தோணித்து. போர்டுல கடிகாரத்த ஒம்போதுக்கு வெச்சு ஆரம்பிச்சேன்.”

“சர்வருக்கு மட்டும் ஒம்போது மணி.”

“ஆமா. அது நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சதுன்னு...” முடிக்கவில்லை. “உடனே மாத்திடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வார்டுலேருந்து என்ட்ரி வர ஆரம்பிச்சுடுத்து. நடுவுல பின்னாடி திருப்பினா முன்ன போட்டது பின்ன போயிடும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப நிறுத்தி, சரி பண்ணிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். அந்த ஆஸ்பத்திரிதான் எங்கள் கிளையின் பெரிய வாடிக்கையாளர். இதெல்லாம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை. அவர் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று. அதைப் பார்க்கப் புத்தகம் தேவையே இல்லை.

“மூணுக்கு மேல போலாமா?” என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “மூணுக்குள்ள அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பிருவாங்க சார்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பஞ்சாங்கத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் சிக்னல் ஒவ்வொன்றிலும் ஒழுங்காக நின்றார்.

நாங்கள் போனபோது பெரிய டாக்டரும் மேனேஜரும் மேஜைக்கு அந்தப் பக்கம், ஜெயராணி இந்தப் பக்கம் நின்றுகொண்டு. உட்கார யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சார் உட்காராமல், நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். போர்டு மாட்டுகிற மாதிரியே சொன்னார், ஒவ்வொன்றாக, எதையும் விடாமல். சர்வர் ஒன்றேகால் மணி நேரம் முன்னால் ஓடியது, அன்று மத்தியானம் வரை பதிந்த எதிலும் அவ்வளவைக் கழிக்க வேண்டும், இந்தப் பெண் சொன்னது சரி என்றார்.

பெரிய டாக்டர் கழித்துப் பார்த்தார். எட்டரை. இன்னொரு தடவை கழித்துப் பார்த்தார்.

மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். “சரிங்க சார். மெஷின் ஃபால்ட்டுன்னு போட்டு முடிச்சிருவோம். உங்களுக்கும் சங்கடம் இல்ல, எங்களுக்கும் இல்ல.”

“மெஷின்ல ஒரு தப்பும் இல்ல” என்றார் சார். “நான் சொன்னத அது கேட்டது. என் பேரப் போடுங்கோ. அந்த பேஷண்டோட பிள்ளையாண்டான்கிட்டயும் நானே சொல்றேன்.”

இருபது வருஷத்தில் ‘தப்பு’ என்ற சொல்லை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கு அவர் மேலிருந்த கோபம் அந்த இடத்தில் பாதி போனது. மீதிப் பாதி இன்றும் இருக்கிறது.

டாக்டர் ஜெயராணியைப் பார்த்து, “நீங்க கெளம்பலாம்மா, ஒண்ணும் இல்ல” என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவள் கிளம்பவில்லை. சாரைப் பார்த்து நின்றாள்.

“எதுக்கு சார் மணிய மாத்துனீங்க?”

அவள் அதட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மணியை மாற்றினேன் என்று அத்தனை விவரமாகச் சொன்னவர், ஏன் மாற்றினேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

“ராகு காலம்மா” என்றார் சார். “புது போர்டு. நல்லபடியா ஓடணுமேன்னு...”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“நான் ஊசி போட்டதும் ராகு காலத்துலதான் சார். மருந்த ஏத்திக் கையில வெச்சுக்கிட்டு ஒம்போது ஆகட்டும்னு நின்னிருந்தா, அவரு போயிருப்பாரு.”

சொல்லிவிட்டு மேனேஜரிடம் திரும்பி, “வார்டுக்குப் போலாமா சார்?” என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். சார் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை, அதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள். மேலே வார்டில் மாத்திரை கொடுக்கிற நேரம்.